கோணல் ஃபென்ஸில் இல்லை

பேண்ட்சோ கோணலாக அறுக்கிறது என்று ஒருவர் வாய்திறந்தால் போதும், பதில் ஆயத்தமாக இருக்கிறது: மெஷினோடு வந்த ஃபென்ஸைக் கழற்றிப் போடு, நல்லதாக ஒன்று வாங்கிப் பூட்டு, பிளேட் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே ஃபென்ஸையும் சரித்து வை. பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிறவரும் இதைத்தான் சொல்கிறார், அதையே தொழிலாகக் கொண்ட பாஸும் இதைத்தான் சொல்கிறார். ஆங்கிலக் கைந்நூல்களில் அச்சாகி, பட்டறைக்குப் பட்டறை வாய்வழியாகப் பரவி, யாரும் கேள்வி கேட்காத விதியாக அது நிலைத்துவிட்டது.

இந்த விதி தவறானது. மரத்தைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே ஃபென்ஸின் வேலை. பிளேட் எந்தத் திசையில் போகும் என்பதை முடிவு செய்பவை அதன் பல்லும், அது ஓடும் சில்லும், அதன் இறுக்கமும், மரம் தள்ளப்படும் வேகமும். இவற்றில் ஒன்று பிழைத்திருக்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபென்ஸைப் பூட்டினாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும். அதன் மேல் புதிதாக ஒரு சாய்வும் சேர்ந்துகொள்ளும்.

பெல்மதுளைப் பக்கத்தில் இது பணத்தையும் மரத்தையும் தொடும் விஷயம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பலாங்கொடைக்குப் போகும் வீதியில், எம்பிலிப்பிட்டியவுக்கான பாதை பிரியும் சந்தி அது. சுற்றிலும் இறப்பரும் தேயிலையும். இறப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்த பிறகு மறுநடுகைக்காக வெட்டப்படுகிறது. தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கும் அல்பீசியாவும் காலம் வந்ததும் சாய்க்கப்படுகின்றன. அடுப்புக்கும் போறணைக்கும் போகவிருக்கும் குற்றிகளில் நல்லதைப் பொறுக்கி, வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டிலில் பலகையாக்கி, ஸ்டூலும் புத்தகத் தட்டும் செய்கிறவர்களுக்கு பேண்ட்சோவைப் போல உதவும் மெஷின் வேறில்லை. வட்டவாள் ஒரு தடவை ஓடினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் மரம் தூளாகப் போய்விடும். பேண்ட்சோவில் போவது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். 50 மில்லிமீற்றர் கனமுள்ள கட்டையிலிருந்து 6 மில்லிமீற்றர் பட்டிகள் எடுத்தால் வட்டவாளில் 5 தேறும், பேண்ட்சோவில் 7 தேறும். பழைய வீட்டிலிருந்து கழற்றி எடுத்த பலா நிலையைப் பிளக்கிறவருக்கு அந்த இரண்டு பட்டி பெரிய விஷயம். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கும் நாட்டில் பலாவை நினைத்தபோது தறிக்க முடியாது. கிடைத்த பலாவைக் கோணலாகப் பிளந்து விறகாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

ஃபென்ஸைச் சரிக்கச் சொல்பவர்களின் வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்துவைக்க வேண்டும். நேர்கோடு போட்ட ஒரு பலகையை ஃபென்ஸ் இல்லாமல், கையால் மட்டும் பிடித்து, கோட்டின் மேலேயே அறுத்துப் போனால் பலகையைச் சற்றுச் சாய்த்துத் தள்ள வேண்டிவரும். பாதி வழியில் மெஷினை நிறுத்திவிட்டு, பலகையின் விளிம்பு மேசையில் எந்தச் சாய்வில் கிடக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக்கொள்கிறார்கள். அதுதான் அந்தப் பிளேடின் இயற்கையான போக்கு என்கிறார்கள். ஒவ்வொரு பிளேடுக்கும் அப்படி ஒன்று உண்டு, அதை மாற்ற முடியாது, ஆகவே ஃபென்ஸை அந்தக் கோட்டுக்கு இணையாக வைத்தால் வெட்டு நேராக வரும் என்பது வாதம். அமெரிக்கரான மார்க் டுஜின்ஸ்கி 1989இல் வெளியிட்ட பேண்ட்சோ கைந்நூலும் அதைத் தொடர்ந்து வந்தவையும் இந்த முறையை வீட்டுப் பட்டறைகளுக்குக் கொண்டுசேர்த்தன. அவர் சில்லுகளைச் சீராக்குவதைப் பற்றியும் விரிவாக எழுதியவர். வாசித்தவர்கள் அந்தச் சிரமமான பகுதியைத் தாண்டிப்போய்ச் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வியாபாரம் வந்தது. சாய்வை மாற்றும் திருகாணியோடு ஃபென்ஸ்கள் விற்பனைக்கு வந்தன. லகூனா நிறுவனம் தன் ஃபென்ஸுக்கு ‘டிரிஃப்ட்மாஸ்டர்’ என்றே பெயர் வைத்தது. கோணலை ஆள்கிற ஃபென்ஸ் என்பதுதான் அந்தப் பெயர் தரும் வாக்குறுதி.

இந்த நம்பிக்கையின் வேர் வட்டவாளில் இருக்கிறது. வட்டவாள் மேசையில் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லாவிட்டால் மரம் பிளேடின் பின்பக்கத்தில் நெரிபட்டு, ஆளை நோக்கி எறியப்படும். உயிருக்கே ஆபத்து. அங்கே தகடு தடித்தது, வட்டமானது, திரும்ப இடமில்லாதது. ஃபென்ஸ் சொல்கிற இடத்தில்தான் வெட்டு விழும். அதனால் வட்டவாளில் பழகியவரின் கை, வெட்டு கோணினால் தானாக ஃபென்ஸை நோக்கிப் போகிறது. பேண்ட்சோ வேறு சாதி. வீட்டுப் பட்டறையில் ஓடும் அரை அங்குலப் பிளேட் 12.7 மில்லிமீற்றர் அகலமும் 0.6 மில்லிமீற்றர் சொச்சம் கனமும் உள்ள ஓர் எஃகு நாடா. பிளேடைத் தாங்கும் மேல் கைட்டுக்கும் கீழ் கைட்டுக்கும் இடையில் அதைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை. அது மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துகிறதே தவிர ஆளை நோக்கித் தள்ளுவதில்லை. ஃபென்ஸ் ஒரு பக்கம் சொல்ல, நாடா இன்னொரு பக்கம் போக விரும்பினால் நாடா வளைந்து கொடுத்துத் தன் வழியில் போய்விடும். அந்த வளைவுதான் பலகையின் முகத்தில் கோணலாகத் தெரிகிறது.

நாடாவை நம்பகமாக ஆக்குவதுதான் இந்த மெஷினின் வரலாறு முழுவதும். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் இரு முனைகளையும் சேர்த்த ஒட்டு, சில்லைச் சுற்றிச் சுற்றி வளைவதைத் தாங்காமல் முறிந்துகொண்டே இருந்தது. பல பத்தாண்டுகள் மெஷின் உபயோகமில்லாமல் கிடந்தது. 1846இல் ஆன் போலின் க்ரெபேன் என்ற பிரெஞ்சுப் பெண் தாங்கும் ஒட்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்று, அதைப் பாரிஸின் பெரேன் கம்பனிக்கு விற்ற பிறகுதான் பேண்ட்சோ பட்டறைக்கு வந்தது. இன்றும் ஒட்டு நேராக இல்லாத பிளேட் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் துள்ளுகிறது. பலகையில் அடுக்கடுக்காகக் கோடு விழுகிறது. அதற்கும் ஃபென்ஸைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அந்த இயற்கையான போக்கு என்று சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான சிறிய பேண்ட்சோக்களில் சில்லின் மேல் மாட்டியிருக்கும் இறப்பர் டயர் தட்டையாக இருப்பதில்லை. நடுப்பகுதி சற்று உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். பிளேட் அந்த உச்சியில் ஓடினால் நேராகப் பார்க்கும். முன்பக்கச் சரிவில் ஓடினால் அதன் முகம் ஒரு பக்கம் திரும்பும், பின்பக்கச் சரிவில் ஓடினால் எதிர்ப் பக்கம் திரும்பும். மேல் சில்லின் பின்னால் இருக்கும் குமிழைத் திருகினால் பிளேட் டயரில் முன்னும் பின்னும் நகரும். கனடாவைச் சேர்ந்த தளபாடக் கலைஞர் மைக்கேல் ஃபார்ச்சூன் 2004இல் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் சொன்னது இதைத்தான்: பிளேடை மேல் சில்லின் நடுவில் ஓடவிடுங்கள், மேசையைப் பிளேடுக்கு இணையாகத் திருப்புங்கள், அதன் பிறகு ஃபென்ஸைச் சரிக்க வேண்டிய தேவையே வராது. பேண்ட்சோ உதிரிப்பாகங்கள் செய்யும் கார்ட்டர் நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்நாட்கிராஸ் வருடக்கணக்காக மேடைகளில் மெஷினை வைத்துச் செய்துகாட்டியதும் ஏறக்குறைய அதுவே. பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடி டயரின் உச்சியில் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. கார்ட்டர் நிறுவனம் ஃபென்ஸும் விற்கிறது. இருந்தும் அவர் முதலில் தொடச் சொல்வது குமிழைத்தான்.

யாரும் தங்கள் கொட்டிலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கோட்டின் மேல் கையால் அறுத்து, சாய்வைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குமிழைக் கொஞ்சம் திருகி, பிளேடை டயரில் சில மில்லிமீற்றர் நகர்த்துங்கள். மறுபடியும் அறுத்துக் குறியுங்கள். அதே பிளேட், அதே மரம், அதே கை. சாய்வு மாறியிருக்கும். ஒரு குமிழைத் திருகியதும் மாறுகிற ஒன்றைப் பிளேடின் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது? அது அமைப்பின் பிழை. பென்சில் கோடு அந்தப் பிழையைக் காட்டும் நல்ல அளவுகோல்தான். அதைப் பார்த்துப் பிழையைத் திருத்த வேண்டிய இடத்தில், அதற்கு இணையாக ஃபென்ஸை நிறுத்தி அதையே நிரந்தரமாக்குகிறார்கள்.

பல்லுக்கு வருவோம். பேண்ட்சோப் பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக விலக்கி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே கூர்மையில் இருக்கும்வரை பிளேட் நேராகப் போகும். பழைய பலா நிலைக்குள் மறைந்திருந்த ஆணி ஒன்றில் ஒரு தடவை உரசினால் போதும், ஒரு பக்கப் பற்கள் மழுங்கிவிடும். அதன் பிறகு கூரான பக்கமே மரத்தைத் தின்னும், பிளேட் அந்தப் பக்கம் ஓடும். புதுப் பிளேட் போட வேண்டிய நேரம் அது. மழுங்கிய பிளேடுக்கு ஏற்ப ஃபென்ஸைச் சரிக்கிறவருக்கு அடுத்த வாரம் சாய்வு போதாமல் போகும், ஏனென்றால் மழுங்கல் அங்கேயே நிற்பதில்லை.

பல்லின் எண்ணிக்கையும் பெரும் பிழைக்கு இடம் கொடுக்கிறது. மெஷினோடு வரும் பிளேட் பெரும்பாலும் எல்லா வேலைக்கும் பொதுவாக, அங்குலத்துக்கு 6 பல் என்பது போன்ற கணக்கில் இருக்கும். 150 மில்லிமீற்றர் உயரப் பலகையை நிமிர்த்தி வைத்துப் பிளக்கும்போது ஏறக்குறைய 35 பல் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாலுள்ள சின்னப் பள்ளம் மரத்தின் பாதி உயரம் இறங்குவதற்குள் தூளால் நிரம்பிவிடுகிறது. தூளுக்குப் போக இடமில்லை, பல்லுக்கு வெட்ட இடமில்லை, ஆள் இன்னும் பலமாகத் தள்ளுகிறார், நாடா நடுவில் வில்லாக வளைகிறது. பலகையின் மேலும் கீழும் சரியாக இருந்து நடுவில் வயிறு தள்ளியிருப்பது இதனால்தான். அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடில் அதே பலகைக்குள் 18 பல்தான் இருக்கும், பள்ளமும் பெரியது. இந்த வயிற்றை எந்த ஃபென்ஸும் திருத்தாது. ஃபென்ஸ் பலகையின் வெளிமுகத்தில் நிற்கிறது. வளைவு மரத்துக்குள்ளே நடக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. யப்பானில் பாவித்துக் கழித்த மெஷின்கள் இங்கே விலைக்கு வருகின்றன. அங்கே மின்சாரம் 100 வோல்ட். ஒசாக்கா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் அதன் அதிர்வெண் 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸைத் தொடாது. 60 ஹேர்ட்ஸில் ஓடிய சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்துவிடும். பிளேடும் அதே அளவு மெதுவாகப் போகும். பழைய வேகத்தில் மரத்தைத் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் முன்னைவிடத் தடித்த சீவலை எடுக்க வேண்டும். அது முடியாதபோது நாடா ஒதுங்கும். அமெரிக்காவிலிருந்து வரும் மெஷினுக்கும் இதே கதிதான். மெதுவாகத் தள்ளுவதோ, மோட்டார் புல்லியை மாற்றுவதோ மருந்து. புதிய ஃபென்ஸ் அல்ல.

சரித்து வைத்த ஃபென்ஸ் செய்யும் கெடுதல் அத்தோடு முடியவில்லை. மேசையில் குறுக்கு வெட்டுக்கான மைட்டர் அளவி ஓடும் பள்ளம் நகராமல் அங்கேயே இருக்கிறது. ஃபென்ஸ் அதற்கு இணையாக இல்லாதபோது குறுக்கு வெட்டும் நெடுக்கு வெட்டும் ஒன்றோடொன்று மூலைமட்டத்தில் பொருந்தாது. பிளேடை மாற்றும்போதெல்லாம் சாய்வை மறுபடி தேட வேண்டும். அந்தத் தேடலில் ஒரு பாகை பிழைத்தால் 600 மில்லிமீற்றர் நீளத்தில் அது 10 மில்லிமீற்றர் விலகல். மாறாக, மேசைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, மைட்டர் பள்ளம் பிளேட் வெட்டும் கோட்டுக்கு இணையாக வரும்வரை மேசையையே மெல்லத் தட்டித் திருப்பி இறுக்கிவிட்டால் வேலை ஒரு தடவையோடு முடிகிறது. ஒரு ஸ்பேனர், ஒரு மரச் சுத்தியல், ஒரு நீள இரும்பு அடிமட்டம். மாலை ஒன்று போதும்.

சப்ரகமுவவில் வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும்விட அக்கறையாகக் கவனிக்க வேண்டியது இறப்பர் மரத்தின் குணம். 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து இலங்கையின் இறப்பர்ப் பயிர்ச்செய்கை தொடங்கியது பாலுக்காகத்தான். பலகையை யாரும் நினைக்கவில்லை. மலேசியாதான் பிற்பாடு அதைப் பெரும் தளபாடத் தொழிலின் மரமாக்கியது. வெட்டிய உடனே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும், ஆகவே தாமதிக்காமல் அறுத்துப் போரன் மருந்தில் ஊறவைக்க வேண்டும். அதைவிட வாளுக்குத் தொல்லை தருவது, சாய்ந்து வளர்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள இழுவிசையோடு உருவாக்கும் நார். இறப்பரில் இந்த நார் மிகுதி. அறுத்த முகம் பஞ்சுபோல மயிர்விட்டு நிற்பது இதன் அடையாளம். உள்ளே அடைபட்டிருந்த விசை, வாள் போனதும் விடுபடுகிறது. நேராக நின்ற பலகை இரண்டாகப் பிளந்து, பிளேடைத் தாண்டியதும் இரு பாதியும் வெளிப்பக்கமாக வளைந்து விரியும், அல்லது உள்நோக்கி மூடிப் பிளேடின் முதுகை நெரிக்கும்.

விலை கொடுத்து வாங்கும் ஃபென்ஸ்களில் பல, மேசையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை நீண்டவை. பலகையைப் பிளக்க உயரமான முகமும் உண்டு. நீளமும் உயரமும் கூடினால் நல்லது என்று விற்கிறார்கள். இறப்பரைப் பிளக்கும்போது அந்த நீளமே எதிரியாகிறது. பிளேடைத் தாண்டிப்போன பாதி விரிய முயன்று, அங்கே நிற்கும் ஃபென்ஸில் முட்டி, பலகை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்துகிறது. இன்னும் அறுபடாத பகுதி ஃபென்ஸை விட்டு விலகுகிறது. ஆள் பலகையைத் திரும்பவும் ஃபென்ஸோடு அழுத்துகிறார், நாடா திருகுகிறது, வெட்டு ஓடுகிறது. ‘பிளேட் இழுக்கிறது’ என்று அங்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிளேட் சரியாகத்தான் இருக்கிறது. பல்லைத் தாண்டி ஒரு விரல் அகலத்தில் முடிந்துவிடும் குட்டை ஃபென்ஸ் இருந்திருந்தால் விரிகிற பாதிக்கு விரிய இடம் கிடைத்திருக்கும். மூடுகிற பாதிக்கு ஒரு மர ஆப்பு போதும்.

உயரத்திலும் இதே தவறுதான். மேல் கைட், மரத்தின் தலைக்கு மேலே 6 மில்லிமீற்றர் அளவில் இறங்கி நிற்க வேண்டும். பலகையைவிட உயர்ந்த ஃபென்ஸ் போட்டால் கைட் அதில் இடித்து மேலேயே நின்றுவிடும். பிடியில்லாத நாடாவின் நீளம் கூடும், நாடா இன்னும் எளிதாக வளையும், விரலுக்கும் ஆபத்து. கோணலைத் தீர்க்க வாங்கிய பொருள் கோணலைக் கூட்டுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான பேச்சு அனுபவத்திலிருந்து வருவது: ‘புது ஃபென்ஸ் போட்டேன், அன்றைக்கே சரியாகிவிட்டது.’ பொய் சொல்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலிவான மெஷின்களோடு வரும் சில ஃபென்ஸ்கள் உண்மையிலேயே மோசமானவை. மெல்லிய தகட்டில் செய்தவை, பூட்டும்போதே ஒரு பக்கம் நழுவுகிறவை, கை வைத்து அழுத்தினால் பின் முனை ஆடுகிறவை. அதை மாற்றியதும் வெட்டு திருந்தினால் அங்கே பிழை ஃபென்ஸின் உறுதியில் இருந்தது, சாய்வில் இல்லை. அதோடு, புது ஃபென்ஸ் பூட்டுகிற நாளில்தான் பலர் மெஷினைத் திறக்கிறார்கள். டயரில் அப்பிய தூளைச் சுரண்டுகிறார்கள், இறுக்கத்தைக் கூட்டுகிறார்கள், கைட்டைப் பார்க்கிறார்கள், புதிய பிளேடும் மாட்டுகிறார்கள். ஐந்து காரியம் செய்து, காசு கொடுத்த ஒன்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காசு எவ்வளவு? வெளிநாட்டில் பெயர்பெற்ற ஃபென்ஸ்கள் 100 டாலருக்கு மேல். டாலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் கப்பல் கூலியும் சுங்கமும் சேருமுன்பே 30,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. தோட்டத்தில் பிறந்து தச்சு வேலையில் காலூன்றப் பார்க்கும் ஓர் இளைஞனின் வீட்டில், அந்தச் சம்பளக் கணக்கில், ஃபென்ஸின் விலை 22 நாள் உழைப்பு. அதை இல்லாத நோய்க்கு மருந்தாக வாங்கச் சொல்பவர்கள், தெரியாமல் சொன்னாலும், அநியாயம் செய்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்குக்கு நல்ல 3 பல் பிளேடுகள் வாங்கலாம்.

ஃபென்ஸே வேண்டாம், கட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் க்ரெனோவ் போன்ற பெரிய தளபாடக் கலைஞர்கள் தங்கள் வெனீர்த் தகடுகளை பேண்ட்சோவில் தாங்களே பிளந்துகொண்டவர்கள்; அவர்களை வெற்றிபெற வைத்தது சீராக வைத்திருந்த மெஷினும் கூரான பிளேடும். கட்டை போதும் என்பது உண்மைதான், ஆனால் எல்லாக் கட்டையும் ஆகாது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எம்.டி.எஃப். பலகையில் செய்த ஃபென்ஸ் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். நேற்று மூலைமட்டத்தில் நின்றது இன்றைக்கு நிற்காது. நல்ல பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, எல்லா விளிம்புக்கும் வார்னிஷ் அடித்துச் செய்தது நிற்கும். அலுமினியக் கோணச் சட்டம் அதைவிட நன்றாக நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, நாள்தோறும் ஒரே அளவில் பட்டி பிளக்கிற ஒருவர் உறுதியான ஃபென்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டுவதில் தவறில்லை. பூட்டும் முறை முக்கியம். அமெரிக்க ஃபென்ஸோடு வரும் போல்ட் கால் அங்குல மரை. இங்கே ஹார்ட்வெயார் கடையில் கிடைப்பது எம்6. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மரையின் இடைவெளி முன்னதில் 1.27 மில்லிமீற்றர், பின்னதில் 1 மில்லிமீற்றர். மாற்றி முறுக்கினால் வார்ப்பிரும்பு மேசையின் மரை வழுக்கிப் போய்விடும். துளை பொருந்தாத மேசையில் 5 மில்லிமீற்றர் துளையிட்டு எம்6 மரை போடலாம். வார்ப்பிரும்பை எண்ணெய் விடாமல் உலர்ந்தபடியே துளைக்க வேண்டும். பிளேட் நுழையும் பிளவு முன்பக்கம் திறக்கும் மேசையானால் ஃபென்ஸின் தண்டவாளம் அந்த வழியை அடைத்துவிடும், ஒவ்வொரு தடவை பிளேட் மாற்றும்போதும் அதைக் கழற்ற வேண்டும். ஆகவே பூட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளவின் வாயிலுள்ள கூம்பு முளையைத் திரும்பச் செருக மறந்தால் மேசையின் இரு பாதியும் ஏற்ற இறக்கமாகிவிடும். தண்டவாளத்தைப் பூட்டியதும் ஃபென்ஸை மைட்டர் பள்ளத்துக்கு இணையாக நிறுத்தி இறுக்கிவிட வேண்டும். சாய்வுத் திருகாணி இருந்தால் அதன் வேலை அந்த இணையை ஒரு தடவை அமைப்பதுதான்.

அதன் பிறகு ஒரு பட்டியைப் பிளந்து, மேலே, நடுவில், கீழே, இரு முனைகளிலும் கலிப்பரால் அளந்து பார்க்க வேண்டும். மேலே ஒரு கனமும் கீழே வேறு கனமும் இருந்தால் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. மேலும் கீழும் ஒத்துப்போய் நடுவில் மாறினால் இறுக்கம் குறைவு, அல்லது பல் மழுங்கல், அல்லது தள்ளிய வேகம் அதிகம். பட்டி முழுவதும் ஒரே சீராக இருந்து, அடுத்தடுத்த பட்டிகள் மட்டும் ஒன்றுக்கொன்று கனம் மாறி வந்தால், ஃபென்ஸின் பூட்டு நழுவுகிறது. அப்போது ஃபென்ஸை மாற்றலாம்.